மேட்டுத் தெரு வால்வு

தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவள் வேலை. நகராட்சியில் இருந்த புருஷன் செத்ததற்கு ஈடாகக் கிடைத்த வேலை. பத்தொன்பது வருஷம் பார்த்தாள். தோள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினால், பதின்மூன்று தெருவையும் திறந்துவிட்டுத்தான் பல்லில் தண்ணீர் படும். எல்லோருக்கும் அவள் வால்வுக்காரம்மா.

பெரிய சாலைக்கு அப்பால் ஜன்னலே இல்லாத ஒரு நீளக் கட்டடம் எழும்பியது. செயற்கை நுண்ணறிவுக்கான கம்ப்யூட்டர்கள் உள்ளே இருக்கின்றன என்றார்கள். பெரிய குழாயிலிருந்து அதற்குத் தனிக் கிளை போனது. அடுத்த கோடையில் உத்தரவு வந்தது: தெருவுக்கு இனி இரண்டு மணி நேரம் இல்லை, இருபது நிமிஷம்.

இருபது நிமிஷத்தில் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுமா? குழாய் காற்றைக் கக்கி ஓய்வதற்குள் ஒரு குடம் நிரம்பினால் அதிர்ஷ்டம். அங்கேதான் அவள் அக்கா இருந்தாள், பக்கவாதத்தில் படுத்துவிட்ட அத்தானோடு. நாளுக்கு மூன்று தடவை துணி அலச வேண்டிய வீடு.

"சாவி உன் கையிலதானே இருக்கு? கூடப் பொறந்தவளுக்காக ஒரு திருப்பு கூடத் திருப்பக் கூடாதா?" என்றாள் அக்கா.

வால்வுக்காரம்மா நேரே இன்ஜினியரிடம் போனாள்.

"அந்த மெஷினெல்லாம் சூடு தாங்காதும்மா. தண்ணி நின்னா எல்லாம் போச்சு" என்றார் அவர்.

"எங்க அத்தானுக்கு முதுகெல்லாம் புண்ணு சார். அவரும்தான் தாங்கல."

"எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் நாலு வார்த்தை சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் மனு தயார். வாசிக்கக் கேட்ட வால்வுக்காரம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மறுநாளே மேலிடத்திலிருந்து பதில் வந்தது. 'தங்கள் சிரமத்தை ஆழ்ந்து உணர்கிறோம்' என்று ஆரம்பித்து, பக்கம் முழுக்க ஒன்றுமே சொல்லாத பதில்.

மகள் சிரித்தாள். "அம்மா, இதையும் அதேதான் எழுதியிருக்கு."

"கேக்குறதும் அது, இல்லைங்கிறதும் அது. ரெண்டு கடுதாசிக்கும் தண்ணி குடிச்சதும் அதுதானா?"



அடுத்த வாரம் ஒரு காலையில், மேட்டுத் தெரு வால்வை முழுக்கத் திறந்தாள். கட்டடத்துக்குப் போகும் கிளையின் வால்வை இறுக்கி மூடிவிட்டு, அந்த வால்வுக் குழியின் இரும்பு மூடி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மேட்டில் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் அவள் காதுக்கு எட்டியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஜீப் வந்து நின்றது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்று இறங்கினார் இன்ஜினியர்.

"நான் மூடினதை யார் சார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டாம். பிரஷர் குறைஞ்சா மெஷினே கூப்பிடும்."

"ரெண்டு மாசமா வாயுள்ள சனம் கூப்பிட்டுச்சு. வரலையே நீங்க."

சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலை போயிற்று. வால்வுகளில் மோட்டார் பொருத்தி, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று முடிவுகட்டுவதையும் மெஷினிடமே விட்டார்கள். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவது வீண் என்றது அது. இரண்டு நாளைக்கு ஒரு லாரி போதுமாம்.

"ஒரு குடமாவது வந்துட்டிருந்துச்சு. வீரம் காட்டி அதுலயும் மண்ணைப் போட்டுட்டே" என்றாள் அக்கா. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

லாரி வரும் நாளெல்லாம் வால்வுக்காரம்மா மேட்டுத் தெரு வரிசையில் போய் நிற்கிறாள். "ஊருக்கே திறந்துவிட்டவங்க, வழி விடுங்கப்பா" என்று யாராவது குத்துவார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டு குடம் பிடித்து அக்கா வீட்டு வாசலில் இறக்குவாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் குடங்களை உள்ளே எடுத்துப்போவாள். காலிக் குடம் வெளியே வரும்வரை இவள் வெயிலில் நிற்பாள்.