தீவில் நான் மொண்டு குடித்த தண்ணீர்

அந்தத் தீவைப் பற்றி யாராவது கேட்டால் எங்கள் சபைக்காரர்கள் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கல்லறைகளைப் பற்றித்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்வேன். கல்லறைகளை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியைப் பயிற்சி முடித்துத் தேறியிருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. மிஷன் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. நியமிப்பவர் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஷனரி, துரைசானி அம்மாள். ஆனால் சபை உபதேசியார் 'நன்னடத்தை உள்ளவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் என் காகிதம் அவர் மேசைக்குப் போகும். சபையார் அந்தத் தீவுக்கு உல்லாசப் பயணம் கிளம்பிய அன்றுவரை அந்தக் கையெழுத்து விழவில்லை.

தடாப் பக்கம், பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற தீவு அது. ஒரு காலத்தில் கப்பல் வியாபாரத்துக்கு வந்த உலாந்தாக்காரர்கள் செத்துப் புதைக்கப்பட்ட இடம். சபையாருக்கு அதைக் காட்ட வேண்டுமென்று ஏற்பாடு செய்தவர் துரைசானி. கிளம்பும் நாளில் அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. அதனால் எங்கள் ஊர் புத்தூரில் பஸ் ஏறும்போதே சபை இரண்டாகிவிட்டது.

இதை விளக்கித்தான் ஆக வேண்டும். துரைசானி பார்க்கும்போது நாங்கள் எல்லாரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காருவோம். அவர் தலை மறைந்ததும் ஜமுக்காளம் இரண்டாகும். உபதேசியாரும் அவருடைய சொந்தக்காரர்களும் ஊர்த்தெருவிலிருந்து கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள். நாங்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒரே தண்ணீரில்தான். குடிக்கும்போதுதான் வித்தியாசம். அவர்கள் செம்பில் குடிப்பார்கள். எங்களுக்கு மேலிருந்து ஊற்றுவார்கள், நாங்கள் கை ஏந்திக் குடிக்க வேண்டும். இதைத் துரைசானியிடம் ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் ஆட்களும் சொன்னதில்லை. எனக்கு அதில்தான் அதிக ஆத்திரம்.

தீவில் இறங்கியபோது வெயில் கொளுத்தியது. கிணறு ஒன்று இருந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு. படகில் கொண்டுவந்த ஒரு பெரிய பானைத் தண்ணீர்தான் அத்தனை பேருக்கும். புளிச்சோறு தின்று முடித்ததும் உபதேசியார் செம்போடு பானைப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முதலில் அவர்கள் குடித்தார்கள். பிறகு எங்கள் முறை. முன்னால் போனவர் என் அப்பா, என் நைனா. அந்த மிஷன் பள்ளிக்கு அஸ்திவாரம் தோண்டியவர். தன்னைவிட இளையவர் முன்னால் இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் வாயோடு சேர்த்துப் பிடித்தார். தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகி அவர் வேட்டியை நனைத்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் இந்த உபதேசியார் பிள்ளைகளின் விரலைப் பிடித்து நான் எழுத்துச் சொல்லித்தர வேண்டும். இன்றைக்கு இவரிடம் கை ஏந்த வேண்டுமா?

"அடுத்து நீ வா. கையப் புடி," என்றார் உபதேசியார்.

"செம்பக் குடுங்க அய்யா."

"இன்னா சொன்ன?"

"கையேந்த மாட்டேன். தாகமா கீது, செம்பக் குடுங்க."

"ஏம்மே, சும்மா இருந்துகினு குடி. உன் வேலை அவரு கையில கீது," என்று நைனா முணுமுணுத்தார்.

எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கையை நீட்டி அந்தச் செம்பை வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் பிற்பாடு சொன்னார், பிடுங்கியதாகவே இருக்கட்டும். பானைக்குள் விட்டு மொண்டு, வாய் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரையும் நின்றபடியே குடித்தேன்.

உபதேசியார் பானையைச் சாய்த்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் மணலில் கொட்டினார். உப்பு ஏரிக்கு நடுவில், உச்சி வெயிலில், தன் பெண்டாட்டி பிள்ளைகளும் குடிக்க வேண்டிய தண்ணீரை! எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

திரும்பும்போது காற்று விழுந்துவிட்டது. படகோட்டி கழி போட்டுத் தள்ளித் தள்ளி வந்தார். கரை நெருங்குவதாகவே இல்லை. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. படகோட்டியின் காலடியில் ஒரு சின்ன மண்குடம், மேலே மொள்ளக் கொட்டாங்குச்சியோடு, இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த உபதேசியார் கடைசியில் வாய்விட்டுக் கேட்டார்.

"ஏம்பா, கொஞ்சம் தண்ணி குடேன்."

"தர்றேன். ஆனா கொட்டாங்குச்சியில வாய் வெக்கக் கூடாது. வேதக்காரங்க கைய ஏந்துங்க, நான் ஊத்தறேன்."

உபதேசியார் எங்கள் பக்கம் கை காட்டினார். "நாங்க அவுங்கள மாதிரி இல்லப்பா. நாங்க வேற."

"லேது லேது, அதெல்லாம் இல்ல. வேதக்காரங்க எல்லாம் எங்களுக்கு ஒண்ணுதான்."

உபதேசியார் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றச் சொன்னார். அப்புறம் தானும் குனிந்தார். பழக்கமில்லாத கை, பாதித் தண்ணீர் மடியில் சிந்திற்று.

"இன்னும் கொஞ்சம் குனிங்க அய்யா. விரலச் சேத்துப் புடிங்க, சிந்தாது," என்றேன்.

நைனா என் கையை அழுத்திக் கிள்ளினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படகோட்டி என் பக்கம் திரும்பி எனக்கும் வேண்டுமா என்று கேட்டார். கை ஏந்த மாட்டேன் என்றேன். கரை சேரும்வரை நாக்கு வறண்டுதான் கிடந்தது.

ஒரு வாரம் கழித்துத் துரைசானி கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் உபதேசியாரின் கடிதம் இருந்தது: அடங்காதவள், பெரியவர் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கினவள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், ஜமுக்காளத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. எனக்காகத்தான் கோபப்படுகிறார் என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். ஆனால் அவருக்குச் சபை உடைந்துவிடுமோ என்ற பயம். "மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடு. வேலை உனக்குத்தான்," என்று காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

அந்தச் சம்பளம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். அவர் கேட்டபடியே இரண்டு வரி எழுதினேன், நல்ல முத்து முத்தான எழுத்தில்.

'தாகமாக இருந்தது. குடித்தேன்.'

கீழே என் பெயரைப் போட்டு, அவர் படிக்க வசதியாகக் காகிதத்தைத் திருப்பி வைத்தேன். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. போகட்டும்.