வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

மலேசியாவின் லாபிஸ் ஊர் இரவுச் சந்தையில் பிரேமலாவுக்கு 'டப்பா அக்கா' என்று பெயர். மீனுக்கு ஒரு டப்பா, மீ கோரேங் நூடுல்ஸுக்கு ஒரு டப்பா, தேத்தண்ணிக்கு மூடி போட்ட எவர்சில்வர் குவளை. அவள் வருவதைப் பார்த்தாலே மீன்காரர் பிளாஸ்டிக் பையை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். வேலை முடிந்து வருகிற நேரத்தில் சிரிப்பதும் ஒரு வேலைதான், ஆனாலும் சிரிப்பாள்.

மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். ஐம்பதைத் தாண்டிய கை அது. வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பழத்தோல் சீனியோடு போத்தலில் மாதக்கணக்கில் ஊறும். அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவாள், தரை துடைப்பாள். ஒருமுறை மூடியைத் தளர்த்த மறந்து போத்தல் வெடித்து, சமையலறையே புளித்து நாறியது. சிங்கப்பூரில் வேலை செய்து வாரக்கடைசியில் வரும் கணவர் மனோகரன் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். நல்ல மனிதர். ஒன்றும் சொல்லவும் மாட்டார், ஒன்றும் செய்யவும் மாட்டார்.

இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. வெள்ளம் வந்த வருடம், முழங்கால் அளவு தண்ணீரோடு அவள் சமையலறைக்குள் மிதந்து வந்தவை கோயில் வெள்ளிக்கிழமை அன்னதானத்தின் பிளாஸ்டிக் தட்டுகள். கோயிலுக்குப் பின்னால் கால்வாயை அடைத்துக் கிடந்தவை. ஒன்றில் சாம்பார்க் கறைகூட இருந்தது. அம்மன் வீடு தேடி வருவாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அம்மன் கோயில் குப்பை வீடு தேடி வந்ததை அன்றுதான் பார்த்தாள்.

தண்ணீர் வடிந்ததும் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, எவர்சில்வர் தட்டு வாங்கலாம் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டுவதில் நம் ஆட்கள் குறை வைக்கவே மாட்டார்கள். உபயம் கொடுக்க ஆள் கிடைத்தது, தட்டுகளும் வந்து இறங்கின. தலைவர் மணியம் அடுக்கின் முன்னால் நின்று படம் எடுத்து வாட்சப்பில் போட்டார். யார் கழுவுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை குழாயடியில் பெண்கள் கூட்டம், ஒரே சிரிப்பும் பேச்சும். பிறகு ஒருத்திக்கு இடுப்பு வலி வந்தது. ஒருத்திக்குப் பேரப்பிள்ளை வந்தது. ஒருத்திக்குத் தொலைக்காட்சியில் நல்ல தொடர் வந்தது. ஆண்களுக்குக் காரணமே தேவைப்படவில்லை. கடைசியில் பிரேமலாவும் குழாயும்தான் மிச்சம். பூசை நேரத்தில் தட்டுகளைத் துடைத்து அடுக்குவாள். தீபாராதனை மணியைப் பின்னாலிருந்து காதால் கேட்பதோடு சரி. பந்தி முடிந்தால் எச்சில் தட்டுகள் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்து சேரும். இப்படியே வருடங்கள் ஓடின.

வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. கிளினிக்கில் பட்டை போட்டு, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். தொழிற்சாலையை விட முடியாது. விடக்கூடியது ஒன்றுதான். அதை விட மனம் வராமல் மணியத்திடம் போனாள்.

"அண்ணே, சாப்பிட்டவங்க அவங்கவங்க தட்ட அவங்களே கழுவி வெக்கட்டுமே. ஆளுக்கு ஒண்ணுதானே."

மணியம் பதறிப்போனார். "அலமாக், என்னம்மா பேசுற? கோயிலுக்கு வந்தவங்கள எச்சித் தட்டோட குழாயில நிக்க வெக்கறதா? உபயக்காரங்க என்ன நெனைப்பாங்க?"

"அப்ப நான் நிக்கறது?"

"அது சேவைம்மா. புண்ணியம் உனக்குத்தான்."

அவர் கேலி பேசவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் பிரேமலாவை உட்கார வைத்துவிட்டது. கெட்டவரோடு சண்டை போடலாம். இவரோடு எப்படிப் போடுவது? அவள் வீட்டிலும் இதுதான் வழக்கம். விருந்துக்கு வந்தவர் தட்டோடு எழுந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வாள். விட்டுவிட்டால் அவளுக்கே முகம் சுருங்கிவிடும்.

"முடியலன்னா சொல்லும்மா, பழையபடி பிளாஸ்டிக் வாங்கிக்கலாம். ஒரு கஷ்டமும் இல்ல லா."

அந்தக் கால்வாய் அடைபடுவதும் அடைபடாததும் தன் ஒரு மணிக்கட்டில் வந்து நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"முடியலண்ணே" என்று வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது பந்தி மேசையில் பிளாஸ்டிக் தட்டுகள் தயாராக இருந்தன. பழக்கத்தில் குழாயடிப் பக்கம் திரும்பிய காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு சன்னிதியில் போய் நின்றாள். திரை விலகியது. மஞ்சள் பட்டு, எலுமிச்சை மாலை, தீபம். இத்தனை வருடம் கழித்துத் தீபாராதனையை முழுதாகப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததற்காகவே தன்மேல் கோபமும் வந்தது.

பந்தியில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து வீட்டுத் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். பரிமாற வந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சோற்றைப் போட்டார்கள். இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். யாருக்கும் பாடம் நடத்த அவள் வரவில்லை. அதற்கெல்லாம் தெம்பும் இல்லை. அந்த பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டால் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டை மடக்கிக் கறுப்புப் பையில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பிரேமலா குழாயடிக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை, தரை காய்ந்து கிடந்தது. பட்டை நனையாமல் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தட்டைத் தேய்த்துத் தண்ணீரில் காட்டினாள்.

பின்னாலேயே மணியம் ஓடி வந்தார். "ஐயையோ, கட்டோட போய் கழுவுறியே! குடும்மா இப்படி. நீ இன்னிக்குச் சாப்பிட வந்தவ, நான் கழுவுறேன்." உண்மையாகவே சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

அந்த மடித்த சட்டைக் கையைப் பிரேமலா பார்த்தாள். தட்டை உதறினாள்.

"கழுவியாச்சுண்ணே" என்றாள். "ஒரு தட்டுக்கு இவ்ளோ நேரந்தான் ஆவும்."