நெபுலாவின் மேல் ஒரு கறுப்பு நெளிவு

வேலம்பாளையத்து வானம் இரவு ஏழரை மணிக்கும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். எங்கள் மொட்டை மாடியில் நின்று எண்ணினால் பதினேழு பனியன் கம்பெனி விளக்குகள் தெரியும். அந்த வெளிச்சத்தையும் மீறி, தொலைநோக்கியில் மாட்டிய கேமராவின் சின்னத் திரையில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் இளஞ்சிவப்பாகச் சிறகு விரித்து நின்றது. ஒரு நொடிக்கு ஒரு படம் வீதம் நூற்றிருபது எடுத்தேன். பிறகு மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அறுபத்தொன்பது வயதில் தாவக் கூடாது.

கம்ப்யூட்டரில் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். நெபுலாவின் நடுவே கொக்கி மாதிரி மங்கலாக ஒரு கறுப்பு நெளிவு. ஏழாவதிலும் இருந்தது. நாற்பதாவதிலும் இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் தொலைநோக்கியின் கண்ணாடியைப் பழைய பனியன் துணியால் துடைத்திருந்தேன். தொலைநோக்கியை வாங்கிக் கொடுத்த மகள் பெங்களூருக்குக் கிளம்பும்போது மூன்று முறை சொன்னாள்: "தூசி இருந்தா இருக்கட்டும்ப்பா. கண்ணாடியை மட்டும் தொட்றாதீங்க." நான் தொட்டேன். கீறிவிட்டேன். நாலரை அங்குலக் கண்ணாடி, வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க, மொகம் ஏன் இப்படிப் போச்சு?" மனைவி பின்னால் நின்றாள். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவள். வெளிச்சம் போட்ட மேசைமேல் துணி ஓட ஓட, கறையையும் ஓட்டையையும் பிடிப்பதுதான் வேலை.

"கண்ணாடியைக் கீறிட்டேன். பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "வேற ரோல் போட்டுப் பார்த்தீங்களா?"

"என்ன ரோலு?"

"கறை துணியிலயா மேசையிலயான்னு சந்தேகம் வந்தா, வேற துணி ரோலை ஓட்டிப் பார்ப்போமுங்க. அதுலயும் அதே எடத்துல தெரிஞ்சா, தப்பு மேசையில. கேமராவை டெலஸ்கோப்புலருந்து கழட்டிக் கீழ கொண்டு வாங்க. அதோட சொந்த லென்சைப் போட்டு வெள்ளையா எதையாச்சும் எடுங்க."

பீரோவிலிருந்து என் புதுப் பனியன் ஒன்றை எடுத்து விரித்துப் பிடித்தாள். எடுத்தேன். வெள்ளைப் பனியனின் நடுவே, அதே இடத்தில், அதே கொக்கி.

"பஞ்சுங்க அது. மாடியில லென்சைக் கழட்டி கேமராவைத் தொறந்து வெச்சுட்டு நின்னீங்கல்ல. பக்கத்துல துணி பின்னுற நிட்டிங் மிஷின் ஓடுது. பஞ்சு வராம பன்னீரா வரும்?"

கண்ணாடி பிழைத்தது. தூசி ஊதும் ரப்பர் பந்தால் கேமராவுக்குள் எட்டு முறை காற்றடித்தேன். மறுபடி பனியனைப் படம் எடுத்தேன், கொக்கி இல்லை. மணி எட்டேகால். ஓரியன் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. மறுபடியும் தாவினேன், இந்த முறை மேலே. தொலைநோக்கியைப் படிக்கட்டு அறைக்குள் கொண்டுவந்து, பஞ்சு வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அங்கேயே கேமராவை மாட்டி, அப்படியே வெளியே தூக்கி வந்தேன். முந்நூறு படம்.

அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்க இருபத்தாறு நிமிடம் ஆனது. வந்த படத்தில் சிறகின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடதிலிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, துணி பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"நடுவுல பாஸுங்க. ஓரத்துல நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைச்சிருக்குது. அதை வெட்டிருங்க."

வெட்டினேன். மகளுக்கு அனுப்பினேன். கண்ணாடியைத் துடைத்ததைப் பற்றி எழுதவில்லை.