பக்கிரிசாமி காத்திருந்த மறு ஆட்டம்

என் புருஷன் பெயர் பக்கிரிசாமி. அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை ஒளிக்க மாட்டார். ஆனால் ஒரு கேடு உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. கல்யாணமான புதிதில் செந்தூலில் இருந்த என் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளம்பியவர், வழி தவறி என்னைப் பத்துமலை வரைக்கும் நடக்கவிட்டார். எதிரே எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவரை நிறுத்திக் கேட்கவில்லை. எனக்குக் குதிகால் வெடித்ததுதான் மிச்சம்.

பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மரத்தில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்தாக்கி, வெறுங்காலால் உதைத்துப் பழகியவர். பிறகு ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வந்தார். கேங் ஆட்களே சேர்ந்து ஒரு பந்து கிளப் வைத்திருந்தார்கள். வாலிபர் சங்கம் என்று பெயர். அதில் பாதிப் பேருக்குத் தலை வழுக்கை. இவர் காப்டன். பின்னால் நின்று தடுப்பவர். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது கஷ்டம் என்று எதிராளிகளே சொல்லுவார்கள். அதில் அவருக்குப் பெருமை. எனக்கும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்களைப் போன்ற சின்ன கிளப்புகளுக்கு வருஷத்துக்கு ஒரு கோப்பை ஆட்டம் நடக்கும். தோற்றால் வீட்டுக்குப் போகலாம். சமமாக முடிந்தால் மறுநாள் சாயங்காலம் அதே பாடாங் மைதானத்தில் மறுபடி ஆட வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் அதை மாற்றினார்கள். பெரிய கிளப்புகளை மேல் பிரிவு என்றும், எங்களைப் போன்றவர்களைக் கீழ்ப் பிரிவு என்றும் வகுத்தார்கள். வருஷம் முழுக்க அவரவர் பிரிவில் ஆட வேண்டும். கடைசியில் கீழே முதலாவதாக வந்தவனும் மேலே கடைசியாக வந்தவனும் ஒரே ஓர் ஆட்டம் மோதுவார்கள். கீழே இருப்பவன் ஜெயித்தால் அடுத்த வருஷம் மேலே போவான், மற்றவன் இறங்குவான். மேல் பிரிவு ஆட்டங்களைப் பார்க்க ஜப்பான் அதிகாரிகள் வருவார்கள். அதனால் மேல் பிரிவு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எங்கள் பிள்ளைகளுக்குக் கால் மெலிந்து வயிறு முன்னால் வந்திருந்த நேரம் அது. எங்கள் சங்கம் கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்தபோது, பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாத பெண்கள்கூடச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள்.

அந்த ஒற்றை ஆட்டத்தைப் பற்றிப் பேச எல்லா கிளப் காப்டன்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இவர் இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போனார். அங்கே மற்றவர்கள் எல்லாம் சப்பாத்து போட்டவர்கள். அதிகாரி ஜப்பான் பாஷையில் பேச, ஒருவர் மலாயில் சொல்ல, அதை ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சபாபதி தமிழில் சொன்னார். சட்டம் இதுதான்: மறு ஆட்டம் கிடையாது. சமமாக முடிந்தால் மேலே இருப்பவன் மேலேயே இருப்பான். கீழே இருப்பவன் ஜெயித்தே ஆக வேண்டும். சபாபதி வேகமாகப் பேசுகிறவர். சொல்லி முடித்து, "புரிஞ்சுதா காப்டன்?" என்று கேட்டார். இவருக்குப் பாதிகூடப் புரியவில்லை. சப்பாத்துக் கால்களுக்கு நடுவில் தன் வெறுங்காலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

வந்ததும் வராததுமாக அய்யாவு வாசலில் நின்றான். எங்கள் சங்கத்தில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன். கிள்ளான் போகிற வண்டியில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை.

"அண்ணே, ஆட்டத்தன்னிக்கு எனக்குக் கிள்ளான் டியூட்டி. லீவு கேட்டேன், ஜப்பான்காரன் கன்னத்துல ஒண்ணு வச்சு அனுப்பிட்டான்."

"மறுநாள் இங்க இருப்பியா?"

"மறுநாள் மத்தியானமே வந்துருவேன்லா."

"அப்புறம் என்னடா? அன்னிக்கு அவனுங்கள சமமா நிறுத்திப்புடறோம். மறுநாள் நீ வந்து அடி."

"மறுநாள் ஆட்டம் நிச்சயந்தானே?"

"கூட்டத்துக்குப் போனது நானா நீயா?" என்றார் இவர்.

ஆட்டம் ஐந்து மணிக்கு. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான்; அவன் நேரம் ஐந்து என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். லைனே திரண்டு டவுன் பாடாங்குக்குப் போயிற்று. எதிர் ஆட்கள் டவுன் கிளப், பூட்ஸ் போட்டவர்கள். ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். பிறகு எங்கள் பக்கத்து வீட்டு ரமணி எப்படியோ ஒன்றைத் திருப்பிப் போட்டான். அதற்குமேல் என் வீட்டுக்காரர் எல்லோரையும் பின்னால் இழுத்து நிறுத்தினார். பூட்ஸ் கால் மிதித்து அவருடைய கட்டை விரல் நகம் பெயர்ந்தது. அப்படியே நொண்டிக்கொண்டு தடுத்தார். முடியப் போகிற நேரத்தில் ரமணிக்குப் பந்து தனியாகக் கிடைத்தது. முன்னால் கோல்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. அவன் ஓட ஆரம்பித்தான்.

"டேய் ரமணி! போவாதடா! பின்னால வா, போதும்!" என்று இவர் கத்தினார்.

ரமணி நின்று திரும்பிப் பார்த்தான். காப்டன் சொல்லைத் தட்டாதவன், பாவம். அதற்குள் பந்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசில் ஊதிவிட்டது.

எதிர் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அய்யாவு பெண்டாட்டி மாரியாயி என் இடுப்பில் இடித்து, "பாரு தங்கம், சமமா முடிஞ்சதுக்கே இந்தக் குதி குதிக்குதுங்க. நாளைக்கு எங்க வூட்டு ஆளு வரட்டும், எல்லாத்தையும் உக்கார வச்சு அழ வக்கிறாரு" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் புருஷனைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்தார்கள். நான் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலாத்தி எடுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் அய்யாவு வந்துவிட்டான். பதினொரு பேரும் ஒரே நிறச் சட்டையோடு கிளம்ப, நாங்கள் பின்னால் போனோம். பாடாங்கில் ஒருவரும் இல்லை. கோல் கம்பத்தில் வலைகூட இல்லை. ஒரு மாடு நடுவில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. பயத்தில் லேட்டாக வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஆட்கள் வரிசையாக நின்று காலை உதறி உதறிக் காத்திருந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெயில் தணியத் தொடங்கியது. அப்போது ஆபீஸ் முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கிராணி சபாபதி எங்களைப் பார்த்து இறங்கினார்.

"இங்க என்ன பண்றீங்க எல்லாரும்?"

"ஆட்டத்துக்கு நிக்கிறோம்ங்க கிராணி. அவங்களத்தான் காணோம்" என்றான் அய்யாவு.

"எந்த ஆட்டம்? நேத்தே முடிஞ்சு போச்சேப்பா. சமமானா மேல இருக்கறவங்க மேலயே. இனிமே அடுத்த வருஷந்தான்."

"எப்ப மாத்துனீங்க சட்டத்த?"

"யாரும் மாத்தல. கூட்டத்துலயே சொன்னேன். உங்க காப்டன் முன்னாடிதான் உக்காந்திருந்தாரு, கேளு."

எல்லோரும் என் புருஷனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவருக்குக் காது மடல் சிவந்து போயிருந்தது. நகம் பெயர்ந்த விரலைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்படி யாரும் சொல்லல."

அய்யாவு கையை ஓங்கியதை நான் பார்க்கவில்லை. அடி விழுந்த சத்தம்தான் கேட்டது. சபாபதி சைக்கிளோடு சாய்ந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி தெறித்துப் புல்லில் விழ, யாரோ அதை மிதித்தார்கள். "எத்தன மூட்டை அரிசி வாங்கின அவனுங்ககிட்ட?" என்று அய்யாவு கத்தினான். சபாபதி மண்டி போட்டுக் கையால் தடவித் தடவிக் கண்ணாடிச் சில்லைத் தேடினார். அடித்தவனும் மிதித்தவனும் நின்று பார்க்க, படித்த மனிதர் ஒருவர் குருடன் மாதிரி புல்லைத் தடவினார். மாடு கொஞ்சம் நகர்ந்து மேய்ந்தது. நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

விளக்கு வைத்ததும் கேட்டேன். "அந்தாளு சொன்னாரா இல்லியா?"

பெயர்ந்த நகத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"உங்களத்தான். வாயில என்ன கொழக்கட்டையா?"

"சொன்னாரு" என்றார். "எனக்குத்தான் வெளங்கல."

"வெளங்கலன்னு கேக்கறதுக்கு என்ன கேடு?"

"எல்லாரும் தலையாட்டினாங்க தங்கம். நான் மட்டும் எப்படிக் கேக்கறது?"

வெளியே லைனில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். கிராணி டவுன் கிளப்பிடம் அரிசி வாங்கித் தின்றுவிட்டான், நாளைக்கு அவன் குவார்ட்டர்ஸுக்கே போய் உதைக்க வேண்டும் என்று அய்யாவு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது எங்கள் சுவர் வழியாகவே கேட்டது. நான் சொன்னேன்: "காலைல நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் குழாயடியில நின்னு சொல்லுவேன். எது உங்களுக்கு மானக்கேடுன்னு நீங்களே பாத்துக்கங்க."

காலையில் ஆண்கள் எல்லாம் குழாயடியில் முகம் கழுவும்போது அவர் போய் நின்றார். நான் குடத்தோடு பின்னால் நின்றேன், ஓடிவிடக் கூடாதே என்று.

"கிராணி கூட்டத்துல சொன்னாரு" என்றார். "எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். நேத்து சொன்னது பொய்."

யாரோ குழாயை மூடினார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த அய்யாவு வாயிலிருந்த கரித்தூளைத் துப்பினான்.

"உங்க பேச்ச நம்பித்தானேண்ணே கைய நீட்டினேன்" என்றான். அவ்வளவுதான். அவன் அடித்திருந்தால் தேவலை.

ரமணி, "நான் அடிச்சிருப்பேண்ணே அந்த கோல. காலி கோலுண்ணே" என்று சொல்லிவிட்டு அழுதான். மீசை வைத்த ஆம்பளை.

மாரியாயிதான் விடவில்லை. "பூம்பூம் மாட்டக் கொண்டாந்து காப்டனா வச்சிருக்கீங்களே, வேற என்ன நடக்கும்? இனிமே யாராவது ஒரு சலங்கையும் கட்டி வுடுங்க!" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து லைன் பிள்ளைகளுக்கு அவர் பூம்பூம். என்னைக்கூட ஒருத்தி பூம்பூம் பெண்டாட்டி என்று கூப்பிட்டாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் சபாபதி குவார்ட்டர்ஸுக்கு அவரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். சபாபதி படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. இவர் விழுந்து கும்பிடப் போனார்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் சபாபதி. "கிட்ட வச்சா எழுத்து தெரியுது, வேலை ஓடும். தூரத்துல எதுவும் தெரியல. சண்டை முடியற வரைக்கும் வேற கண்ணாடி எங்க போயி வாங்கறது? ரோட்டுல ஜப்பான்காரன் நிக்கிறது தெரியாம போயிட்டா, வணக்கம் வைக்கலன்னு அடிச்சே கொன்னுருவான். தெனமும் காலைல வந்து என்னை ஆபீஸ்ல கொண்டு விடு. உன்னால ஆனது அதுதான்."

இவர் தலையை ஆட்டப் போனார். நான் முறைத்தேன். "வர்றேங்க ஐயா" என்று வாயைத் திறந்து சொன்னார்.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் போவார். சபாபதியைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு குழாயடி வழியாகத்தான் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஜப்பான் சிப்பாய் எதிரே வந்தால், "எறங்குங்க ஐயா, குனிங்க" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து குனிவார்கள். பெண்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதையும் விட்டார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் குடத்தை நிரப்பிவிட்டு வெட்கத்தில் நிமிர முடியாது. பந்தை அவர் அதற்கப்புறம் தொடவே இல்லை. அய்யாவு காப்டன் ஆனான். அடுத்த வருஷமும் சங்கம் மேலே போகவில்லை. எங்கள் பிள்ளைகள் கிழங்கு தின்றே வளர்ந்தார்கள். மாரியாயியின் கடைசிப் பிள்ளை வளரவில்லை, மண்ணுக்குப் போய்விட்டது. அதற்கு யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாதபோது இன்னும் கேவலமாக இருந்தது.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த கொஞ்ச நாளில் சபாபதிக்குப் புதுக் கண்ணாடி கிடைத்தது. அன்று காலையில் போன என் வீட்டுக்காரர் சீக்கிரமே திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே வர வேணாம்னுட்டாரு" என்றார்.

"நல்லதுதானே. ஏன் பொணம் மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னப் பாத்தாரு தங்கம். 'பக்கிரி, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா'ன்னு கேட்டாரு. இத்தன நாளா அவருக்கு என் மொகம் சரியாத் தெரியாதுல்ல? அந்த தைரியத்துலதான் பக்கத்துல நடந்தேன். இன்னிக்கு நல்லாப் பாத்துட்டாரு."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் எடுக்கச் சொல்லவில்லை.