உள்ளூர்ப் பாதுகாவலர்

கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, ஹாஸ்டலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பது. சாப்பாடு எப்படி, தண்ணீர் வருமா, ஒரு அறையில் எத்தனை பேர் என்று ஒன்றும் கேட்கவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். நாலு மாநிலச் சாலை பார்த்த மனிதருக்கு மகள் விஷயத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கேட்டும் ஒரு பூட்டும்தான்.

வளாகத்துக்கு வெளியே இரண்டு தனியார் விடுதிகளை நான் போனில் விசாரித்து வைத்திருந்தேன். ஒன்றில் கேட் பத்து மணி வரை திறந்திருக்கும் என்றார்கள். அதை வீட்டில் சொல்லவே இல்லை. எப்படியும் எனக்கு வளாகத்துக்குள் இருக்கும் விடுதிதான் வேண்டும், அங்கிருந்து நூலகம் நடக்கும் தூரம். ஆக, அப்பாவும் நானும் சண்டையில்லாமல் ஒரே ஹாஸ்டலைத் தேர்ந்தெடுத்தோம். அவருக்குப் பூட்டு பிடித்திருந்தது, எனக்கு நூலகம்.

அந்த வாரமே எறையூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கரும்பு போட்டுக் கொஞ்சம் தலை நிமிர்ந்த குடும்பம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷேர் ஆட்டோ நிறையச் சாமான்: சக்கரம் வைத்த பெட்டி, சுருட்டிய மெத்தை, தலையணை, பக்கெட், மக், துணிக்கொடிக்கு நைலான் கயிறு, எவர்சில்வர் தட்டு, டம்ளர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்வரை வாசலிலேயே வைத்து ஒவ்வொன்றாக இறக்கினாள். “நாங்க செய்யறதுதானே மொற” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெட்டியை இரண்டு முறை உள்ளேயே உருட்டிப் பார்த்தேன். பிறகு தட்டை எடுத்துப் பார்த்தேன். ஹாஸ்டலில் மாறிப் போகாமல் இருக்க, பெரம்பலூர் பாத்திரக்கடையில் விளிம்பில் பெயர் வெட்டி வாங்கியிருந்தாள். என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே அவள் மகன் பெயரும் இருந்தது.

எங்கள் பக்கம் இப்படித்தான். பெண்ணிடம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும்? பெட்டி வரும், மெத்தை வரும், தீபாவளிக்குச் சுடிதார் வரும், ஊரே பார்க்கும். நாலு வருஷம் கழித்து, இவ்வளவும் வாங்கிக்கொண்டு இப்போது எப்படி முடியாது என்கிறாய் என்பார்கள். தட்டைத் தூக்கி வாசலில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. அத்தை போன பிறகு அப்பாவிடம் காட்டினேன். தட்டு தொலையாமல் இருக்க வேண்டாமா என்றார். இரண்டு பெயர் வெட்டினால் இரண்டு மடங்கு பத்திரம் போல.

அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். குன்னத்தில் பிரவுசிங் சென்டரில் ஹாஸ்டல் படிவத்தை எடுத்து வந்தோம். அதில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் போட்டோ ஒட்ட இடம். வெளியே போக, ஊருக்குப் போக, எதற்கும் அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்டைத் தாண்டினால் அவர் போனுக்குத் தகவல் போகும். படித்து முடிப்பதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தார். அத்தை மகன், நீலச் சட்டையில், தலையை வகிடெடுத்துச் சீவி. அந்தப் படத்தை எத்தனை நாளாகப் பையில் வைத்திருந்தாரோ.

எனக்கு இவன் கையெழுத்து வேண்டாம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

“அப்ப ஹாஸ்டலும் வேணாம். பெரம்பலூர்லயே ஒரு காலேஜ்ல சேந்துக்க. தெனம் பஸ்ல போயிட்டு வா.”

அவ்வளவுதான். நான் ராப்பகலாகப் படித்து வாங்கிய இடம், அவருக்குப் போட்டோ ஒட்டுகிற பசை காய்வதற்குள் தள்ளிவிடக்கூடிய சங்கதி. வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அப்பா மேல் இருப்பதைவிட, அன்றைக்கு வாயை மூடிய என் மேல் எனக்குக் கோபம் அதிகம்.

கோபத்தை எங்கே இறக்குவது? அம்மாவிடம்தான். அம்மா கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தாள். பத்தாவது வரை படித்தவள்தானே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா, நீயும் இதற்கு உடந்தையா என்று கத்தினேன். அவள் அரிவாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சேரும் நாள் என்றைக்கு, ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு கோயம்புத்தூர் போய் இறங்கும்வரை நான் அவளோடு பேசவில்லை.

அத்தை மகன் எங்களுக்கு முன்னாலேயே வந்து ஹாஸ்டல் வாசலில் நின்றான். கெட்டவன் இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டான், எங்களுக்கு டீ வாங்கித் தந்தான். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னான்: “நீ வெளிய போனா எனக்கு மெசேஜ் வந்துரும். பயப்படாத.” நான் பயந்ததே அதற்குத்தான் என்பது அவனுக்கு எப்படிப் புரியும்?

ஆபீஸ் வரிசையில் எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்பு ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். எனக்கு யாரென்று தெரியவில்லை. அப்பா முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்மாவின் தங்கை. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவள் என்று எங்கள் வீட்டில் பெயர்கூடச் சொல்லாத சித்தி. கோயம்புத்தூரிலேயே, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாள். அம்மா இத்தனை வருஷம் அவளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பா வரிசையை விட்டு வெளியே போனார். அத்தை மகன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவர் பின்னாலேயே போனான். அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வேறொரு படிவத்தை எடுத்தாள். எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள், பத்தாம் வகுப்பு முத்து முத்தான எழுத்தில். பாதுகாவலர் கட்டத்தில் சித்தியின் போட்டோ. ஆபீஸில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டார்.

“பெத்தவங்கன்னுதானே போட்டிருக்கு? நானுந்தான் பெத்தேன்” என்றாள் அம்மா. கேட்டுவிட்டு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.

அவர் அதை வாங்கி முத்திரை குத்தினார். அத்தை வாங்கித் தந்த சாமானையெல்லாம் அப்பா திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார், மெத்தை முதற்கொண்டு. சித்தி தன் வீட்டிலிருந்து பாயும் பக்கெட்டும் கொண்டுவந்து தந்தாள். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. ஊருக்குப் போன பிறகு அவளுக்கு என்னென்ன பேச்சு விழுந்தது என்பதை அவள் இன்றுவரை சொன்னதில்லை. அப்பா போனில் பேசுகிறார். பரீட்சை எப்போது, பணம் வந்ததா, அவ்வளவுதான். சித்தியைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போக விடுப்புப் படிவம் வாங்கினேன். சித்தி வேலைக்கு நடுவே ஓடிவந்து கையெழுத்துப் போட்டாள். இவள் போகலாம், பத்திரமாக வீடு சேர்வதற்கு நான் பொறுப்பு என்று அதில் அச்சடித்திருக்கிறது. எந்த வீட்டுக்கு நான் போக இவள் அனுமதி தருகிறாளோ, அந்த வீட்டு வாசலை இவள் மிதிக்க முடியாது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீங்களும் வாங்க சித்தி, என்ன ஆனாலும் பார்த்துக்கலாம், என்கூடவே பஸ் ஏறுங்க என்றேன்.

சித்தி பேனாவை மூடி என்னிடம் தந்தாள்.

“எனக்கு யாரு கையெழுத்துப் போடுவா?” என்றாள்.