கலியன் எழுதவைத்த ஒரு வரி

கலியமூர்த்தி போய்விட்டான். இன்று விடியற்காலை, முத்தாண்டிக்குப்பத்தில், தூக்கத்திலேயே...

மகாஜனங்களே, இப்போது நான் சொல்லப்போகும் சரித்திரத்தை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. "அடுத்த பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வந்துடும்ணே" என்று இருபது வருடம் வாரினான். வாரியதையெல்லாம் ஒரே இடத்தில் குவித்திருந்தால் இமயமலை வெட்கப்பட்டுக் கீழே உட்கார்ந்திருக்கும்.

அவன் மகள்தான் ரேவதி. ஆமாம், நம் டவுன்ஷிப் கிரவுண்டில் கால்பந்து ஆடி, பிறகு கிளப்புக்குப் போன அதே மிட்ஃபீல்டர் ரேவதி!

அவள் பாஸ் கொடுத்தால் பந்து வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, சரியான ஆள் காலடியில் வந்து இறங்கும்.

ஆனால் கோல் அடிக்க மாட்டாள். எங்கள் கேன்டீனில் அதுதான் தீராத பஞ்சாயத்து.

"என்னா கலியா, உம்பொண்ணு கண்டவளுக்கும் பந்தைத் தள்ளிவுட்டுக்கினே கீது... தானா ஒரு கோல் போடக்கூடாதா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஏண்ணே, நம்ம பெல்ட்டு கரி வெட்டுதா? கரண்டு எடுக்குதா? அது நின்னா மட்டும் ஏன் ஆபீசருங்க ஜீப்புல ஓடியாறாங்க?"

அன்றோடு கேன்டீனின் கால்பந்து நிபுணர்கள் அனைவரும் ராஜினாமா.

பிறகுதான் பெரிய விஷயம் வந்தது. வெளியூர் கிளப் ஒன்று ரேவதியைக் கூப்பிட்டது. சம்பளத்துக்கு ஆட. ஒரு வருட கான்ட்ராக்ட்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எங்கள் பிளாக்கிலிருந்து பத்துப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். நெய்வேலிக்காரன் வேறென்ன செய்வான்?

"பர்மனென்ட்டா கேளு கண்ணு," என்று என் மனைவி ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

ரேவதிக்கு அப்போது பதினாறுதான், பதினெட்டு ஆகவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போகமுடியும். கிளப் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். காகிதத்தை என்னைப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டான் கலியன். பிறகு ஒரே கேள்வி.

"காலுல அடிபட்டா யாருங்க பாப்பாங்க?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்ங்க. எழுதிக்கினு இருக்கணுமா என்ன?"

கலியன் வலது கையை விரித்து மேசைமேல் வைத்தான். இரண்டு விரல் இல்லை. பெல்ட் ரோலரில் போனவை. கட்டுப் பிரிப்பதற்குள், அப்போதிருந்த கான்ட்ராக்டர் கேட் பாஸ் லிஸ்டிலிருந்து அவன் பெயரையே எடுத்துவிட்டார். திரும்ப உள்ளே போக ஒரு வருடம் ஆனது.

"எனக்கும் வாயாலதாங்க சொன்னாரு."

ரேவதி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் எழுந்து போனால் அவள் ஆட்டம் அத்தோடு சரி. "அப்பா... வுட்டுடுப்பா..."

அவன் விடவில்லை. மேனேஜர் வெளியே போய் போனில் பேசினார். அந்த ஐந்து நிமிடமும் மைன்ஸில் இயந்திரங்கள் ஓடவில்லை, ஷிப்ட் சங்கு ஊதவில்லை, மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

உள்ளே வந்தவர் பேனாவை எடுத்து, அடியில் ஒரு வரி எழுதினார். அடிபட்டால் குணமாகும்வரை வைத்தியமும் சம்பளமும் கிளப் பொறுப்பு.

அப்புறம்தான் கலியன் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வருடமும் அதே வரியோடுதான் போட்டான். அந்த சீசனில் ரேவதிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் கிளப் செலவு. ஒன்பது மாதம் வீட்டில் இருந்தாள், சம்பளம் வந்தது. திரும்ப இறங்கிய அன்று ஒரே பாஸில் எதிர் டீம் மொத்தமும் வழி தெரியாமல் மந்தாரக்குப்பம் வரை ஓடியது. அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஆடினாள்.

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கலியன் போன் போடுவான். ஜெயித்தீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "காலு எப்படி கண்ணு இருக்குது?" அவ்வளவுதான்.

மதியம் ரேவதி வந்து சேர்ந்தாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கலியன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மேலே இருப்பதில் முக்காலே மூணு வீசம் என் கைச்சரக்கு... ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வரி மட்டும் நிஜம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

போய் வாடா கலியா.