தானாக வந்த வரிப்பணம்

1998 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு எழும்பி, சவரம் செய்து, வெறும் தேத்தண்ணி குடித்தபடி முதல்நாள் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். ஐந்து மணிக்கு வானை எடுத்தேன். வெதுப்பகத்தில் பாண் தட்டுகளை ஏற்றி, தென் லண்டன் கடைகளுக்கு இறக்கிக்கொண்டு போவது என் வேலை. கடைசித் தட்டை விம்பிள்டனில் இறக்கியபோது பதினொரு மணியாகியிருந்தது. வழமையாக அதற்குப் பிறகு வானைக் கழுவுவேன். அன்றைக்குக் கழுவவில்லை. நேரே ஸ்ட்ரெதத்துக்கு, வங்கிச் சுவரில் இருக்கும் காசு இயந்திரத்துக்குப் போனேன்.

என் மனைவி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தா. அங்கே தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தா. அவவுடைய கடவுச்சீட்டில் குத்தியிருந்த பிரித்தானிய விசா அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வந்து இறங்காவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை அதற்கு எங்களுக்கு மூன்று வருஷம் எடுத்தது. பயண முகவர் வியாழக்கிழமை விமானத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். செவ்வாய் பின்னேரம் கடை பூட்டுமுன் காசு கட்டாவிட்டால் இடம் போய்விடும். கடன் கேட்கக்கூடிய எல்லோரிடமும் நான் ஏற்கெனவே விசாச் செலவுக்குக் கேட்டு வாங்கியிருந்தேன். மிச்சம் இருந்தது வரிக் கந்தோர், அதாவது அரசாங்க வரி அலுவலகம் மட்டும்தான்.

அவர்கள் எனக்குத் தர வேண்டியது இப்படி வந்தது. முந்திய வருஷம் முதுகுப் பிடிப்பால் நாலு மாதம் வான் ஓட்டவில்லை. ஆனால் வரியை முன்கூட்டியே கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோது, கேட்ட தொகையை அப்படியே கட்டிவிட்டேன். கணக்கைப் பூர்த்தி செய்தபோதுதான் தெரிந்தது, கூடக் கட்டியிருக்கிறேன் என்று. திருப்பித் தரும் காசை வங்கிக்கே அனுப்புவதென்றால் கணக்கு இலக்கத்தை எழுதும்படி படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. எழுதினேன். எழுதினேனே தவிர, நம்பவில்லை.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் என்னைவிட இளையவர், பெற்றோல் நிலையத்தில் வேலை, என்னை அண்ணை என்பார். படிவம் அனுப்பி ஒரு மாதம் கழிந்தும் ஒன்றும் வராதபோது அவர்தான் சொன்னார்:

"அண்ணை, பெட்டியில எழுதினா காசு வருமே? ஆளைப் பிடிக்கோணும்."

"இஞ்சை ஆரைப் பிடிக்கிறது?"

"வரிக் கந்தோரில ஆரும் மனிசர் இருப்பினம்தானே. வாங்கோ, நானும் வாறன்."

போனோம். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். நான் என் வரி இலக்கத்தைச் சொன்னேன், அவ தட்டச்சு செய்தா. அந்த நேரம் பார்த்து இவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு முறுக்குப் பார்சலை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். அவ அதைப் பார்த்தா. எங்களைப் பார்த்தா. தங்களுக்கு எதுவும் வாங்க அனுமதியில்லை என்று சொல்லி மெல்லத் திருப்பித் தள்ளினா. இவர் சிரித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். அவவும் சிரித்துக்கொண்டு மறுபடி திருப்பினா. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

காசு நேரே கணக்குக்கு வரும், இன்னும் மூன்று நாலு கிழமை ஆகலாம், அங்கிருந்து அனுப்பினால் வங்கியில் விழ மூன்று வேலை நாள் எடுக்கும் என்றா. நான் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் வேண்டாம் என்றா.

வெளியே வந்ததும் இவர் தலையை ஆட்டினார்.

"சரிவராது அண்ணை. பார்சல் காணாது எண்டு நினைக்கிறன். போத்தில் ஒண்டு கொண்டு வந்திருக்கோணும்."

"அவ குடிக்கிறவ மாதிரித் தெரியேல்லை."

"புருசன் இருப்பான்தானே!"

சிரித்தேன், ஆனால் உள்ளே அவர் சொன்னதே சரி என்று பட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஷெல் விழுந்து கூரை போனபோது நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தேன். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு எத்தனை முறை நடந்தேன் என்பது அந்த வருஷ நாட்குறிப்பு முழுக்க இருக்கிறது. கிராம அதிகாரி விதானையாரின் கடிதம், படம், சாட்சி, திரும்பவும் கடிதம். கடைசியில் என் விண்ணப்பக் கோவையையே காணவில்லை என்றார்கள். அரசாங்கம் என்றால் எனக்கு அதுதான் தெரியும். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய ஓர் இடம்.

மூன்று கிழமை போனது. நாலும் போனது. ஜூன் 8, திங்கட்கிழமை வங்கியில் விசாரித்தபோதும் ஒன்றும் வந்திருக்கவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் அட்டையைச் சுவருக்குள் விட்டேன். பச்சை எழுத்தில் மீதி வந்தது. முதலில் வேறு யாருடைய கணக்கோ என்று நினைத்தேன். பிறகு பவுண், சில்லறைப் பென்ஸ் வரைக்கும் வாசித்தேன். நான் படிவத்தில் எழுதிய அதே தொகை, அதோடு வட்டியாகச் சில பவுண்கள்.

வட்டி! நான் கேட்கவில்லை. அவர்கள் என் காசைச் சில மாதம் வைத்திருந்ததற்காக, கேளாமலே.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நேரம் குறிக்காத ஒரே சந்தர்ப்பம் அது. யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, என் முகத்தைப் பாராமல், என் தோலைப் பாராமல், என் பெயரை வாயால் உச்சரிக்கக்கூடத் தெரியாமல், இது இவருடையது என்று முடிவு செய்திருக்கிறார். அல்லது ஆளே இல்லை, இயந்திரம்தான் செய்ததோ. மழை பெய்வது மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் காசு வந்திருந்தது. பின்னால் நின்ற கிழவி, சரியா தம்பி என்ற தோரணையில் இருமினா. உண்மைக் காசுதானா என்று பார்க்க ஒரு பத்துப் பவுண் எடுத்தேன். வந்தது. சூடாகவும் இருந்தது.

அதன் பிறகுதான் வங்கிக்குள் போய் மிச்சத்தை எடுத்து, முகவர் கடைக்கு ஓடினேன். இரண்டு மணிக்கு டிக்கெற்றின் பிரதி கையில்; அசல் கொழும்பு விமான நிலையத்தில் அவவுக்குக் கிடைக்கும்.

வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தேன். லொட்ஜ்காரர் மனைவியைக் கூப்பிட்டார்.

"டிக்கெற் எடுத்தாச்சு. வியாழக்கிழமை வெளிக்கிடும்."

"காசு?"

"வரிக்காசு வந்திட்டுது."

"ஆரைப் பிடிச்சனீங்கள்?"

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை. தானா வந்தது."

"சும்மா சொல்லாதேங்கோ."

"சத்தியமா. வட்டியும் போட்டிருக்கினம்."

தொலைபேசி அட்டையில் காசு இறங்கிக்கொண்டிருந்தது. அவ குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"இஞ்சேருங்கோ, அவைக்கு நாங்கள் ஆரெண்டு தெரியுமே?"

அன்று காலைகூட அறைக்குப் பொலிஸ் வந்து பதிவு பார்த்துவிட்டுப் போயிருந்தது. அங்கே எங்களை யாரென்று தெரியாதவர்கள் ஒருவருமில்லை.

"தெரியாதப்பா," என்றேன். "தெரியாமல்தான் தந்தவை."

பின்னேரம் அறை நண்பர் வேலையால் வந்தார். டிக்கெற்றின் பிரதியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களே அண்ணை, முறுக்கு வேலை செய்திருக்கு."

"அவ வாங்கவே இல்லையே!"

"வாங்கேல்லைத்தான். ஆனா மணத்தைப் பிடிச்சிருப்பா எல்லே."

நாங்கள் இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் டிக்கெற் பிரதியைத் திருப்பித் தந்தார். தனக்கும் அடுத்த வருஷம் அந்தப் பெட்டியில் இலக்கம் எழுதித் தரும்படி கேட்டார்.

மறுநாள் புதன்கிழமை நான் எழும்பிய சத்தத்தில் அவரும் எழும்பினார். மனைவி வந்தால் அறை எங்களுக்கு வேண்டும் என்று, முதல் வேலையாக அவருடைய மெத்தையைச் சுருட்டி, இரண்டு பேருமாகத் தூக்கிக் கீழே முன்னறைக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்து வைத்தோம்.